விண்டோஸ் தெரிந்தவருக்கு லினக்ஸ், லினக்ஸ் தெரிந்தவருக்கு விண்டோஸ்: புதிய சர்வரைப் பொறுப்பேற்கும் வரிசை

கணக்குப் பிரிவின் மென்பொருள் விண்டோஸ் சர்வரில். இணையதளமும் அதன் டேட்டாபேஸும் உபுண்டுவிலோ ரெட் ஹேட்டிலோ. பல அலுவலகங்களில் இன்று இதுதான் நிலவரம். இரண்டில் ஒன்றை மட்டும் பல ஆண்டுகள் பார்த்துவந்தவரிடம் மற்றதையும் ஒப்படைக்கும்போது, அவர் முதலில் கேட்பது கட்டளைப் பட்டியலை. எனக்கு அதில் உடன்பாடில்லை. யாருக்கு அதிகாரம், எது ஓடுகிறது, எது தானாக ஓடும், எந்த போர்ட் (நெட்வொர்க் வாசல்) திறந்திருக்கிறது, நடந்தது எங்கே பதிவாகிறது என்ற நிர்வாகியின் கேள்விகள் இரண்டிலும் அப்படியே இருக்கின்றன. கேள்வி கையில் இருந்தால் கட்டளையைத் தேடி எடுப்பது சில நிமிட வேலை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்து, ஏதோ ஒரு புள்ளியில் மட்டும் வேறு விதமாக நடந்துகொள்ளும் விஷயங்கள் பல உண்டு. முற்றிலும் புதிய இடத்தில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். பழகியது என்று நினைக்கும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் ஒவ்வொரு படியிலும் ஒற்றுமையைச் சொல்லிவிட்டு, அது எங்கே முறிகிறது என்பதையும் சொல்கிறேன்.

விண்டோஸ் சர்வரையும், சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) கொண்டு இயங்கும் லினக்ஸ் வகைகளையும் மனத்தில் வைத்து எழுதியது இது. கட்டளைப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்பில் தந்திருக்கிறேன்.

1. கைவைக்கும் முன் வேண்டியவை

முதலில், உள்ளே நுழைய இரண்டாவது வழி. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், ரிமோட் டெஸ்க்டாப் இரண்டுமே நெட்வொர்க்கையும் ஃபயர்வாலையும் நம்பி இருப்பவை. அவற்றில் ஏதாவது கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். மெய்நிகர் இயந்திரமென்றால் அதை ஓட்டும் ஹைப்பர்வைசரின் கன்சோல், நிஜ சர்வரென்றால் அதன் நிர்வாக கார்டு, கிளவுடென்றால் சீரியல் கன்சோல். அந்த வழி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாது. ஒருமுறை அதன் வழியாக லாகின் செய்து பாருங்கள். கன்சோலின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில் இல்லை என்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும்.

இரண்டாவது, உங்கள் பெயரிலேயே ஒரு நிர்வாகக் கணக்கு. பொதுவான ரூட் (லினக்ஸின் முழு அதிகாரக் கணக்கு) அல்லது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்தால், யார் செய்தது என்ற கேள்விக்கு லாகில் (நிகழ்வுப் பதிவில்) விடை கிடைக்காது.

மூன்றாவது, மீட்டெடுத்துப் பார்த்த பேக்கப். "பேக்கப் வெற்றி" என்ற மின்னஞ்சலை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு கோப்பையும் ஒரு டேட்டாபேஸையும் வேறோர் இடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள். விண்டோஸில் ஷேடோ காப்பி (வட்டின் அந்தக் கணத்து நகல்) எடுக்கும்போது, எஸ்க்யூஎல் சர்வர் போன்ற மென்பொருள்கள் தங்கள் தரவை ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவர ஏற்பாடு உண்டு. லினக்ஸில் அதே வேலைக்கான எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது அப்படி யாரும் டேட்டாபேஸிடம் தகவல் சொல்வதில்லை. மின்சாரம் திடீரென்று போன நொடியில் வட்டில் என்ன இருந்திருக்குமோ, அதுதான் ஸ்னாப்ஷாட்டிலும் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுப்பது அதைவிடவும் மோசம். தரவை முறையாக வெளியே எழுதித் தரும், அந்த டேட்டாபேஸுக்கே உரிய டம்ப் கருவியைப் பயன்படுத்துங்கள்.

நான்காவது, ஒரு வெற்று உரைக்கோப்பு. 2 முதல் 6 வரையுள்ள படிகளை முதல் சுற்றில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதையும் மாற்றாதீர்கள், கண்டதை எழுதுங்கள். எழுதாமலே திருத்தத் தொடங்கினால், பழைய நிலை என்ன என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

2. எந்தப் பதிப்பு, நேரம் சரியா

விண்டோஸில் சிஸ்டம்இன்ஃபோ, லினக்ஸில் ஈடிசி கோப்புறையில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் கோப்பு: பதிப்பு எது என்பதற்கு விடை இங்கே. அதன் ஆதரவுக் காலத்தையும் பக்கத்தில் குறியுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வின் நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்தது; சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. இவை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் வேலை பராமரிப்பு அன்று, இடமாற்றம். அதை முதல் நாளே மேலாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கடிகாரம். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பின்னால் லாக் படிக்கும் வேலை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் நெட்வொர்க்கின் மையக் கணக்குப் பட்டியல்) லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, இயல்பான அமைப்பில், 5 நிமிடத்துக்கு மேல் நேர வேறுபாடு இருந்தால் லாகினை மறுத்துவிடும். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்ற புகாருக்கு நேரத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு முறிவு: கணினியின் வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் பொதுவாக அதை யூடிசி (உலகப் பொது) நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி பூட் செய்யும் இயந்திரத்தில், இந்திய நேரப்படி சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போயிருந்தால் காரணம் இதுதான். பேட்டரியை மாற்றப் போகாதீர்கள்.

லாகிலும் இதே கதை. விண்டோஸ் நிகழ்வுகளை யூடிசியில் சேமித்து, பார்ப்பவரின் உள்ளூர் நேரத்தில் காட்டுகிறது. யூடிசியில் அமைக்கப்பட்ட லினக்ஸ் சர்வரின் உரை லாகில் நேரம் எழுதியபடியே நிற்கும். ஒன்றில் 09:40, மற்றதில் 04:10 என்றிருந்தால் இரண்டும் ஒரே கணம். தொடர்பில்லாத இரண்டு சம்பவங்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

3. அதிகாரம் யாரிடம் இருக்கிறது

இரண்டு அமைப்பும் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கின்றன. லினக்ஸில் பயனர் எண் 0 யாருக்கு உண்டோ அவர்தான் ரூட். பெயர் வேறாக இருந்தாலும் அப்படித்தான். கணக்குகளின் பட்டியலான பாஸ்டபிள்யூடி கோப்பின் மூன்றாவது புலத்தில் 0 உள்ள வரிகள் எத்தனை என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் விசாரியுங்கள். விண்டோஸில் உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டரின் அடையாள எண் எப்போதும் 500 என்று முடியும். பெயரை மாற்றி அதை ஒளித்துவிட்டதாக நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து குழுக்கள். விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், உபுண்டுவிலும் டெபியனிலும் சூடோ, ரெட் ஹேட் வகைகளில் வீல். விண்டோஸில் குழுவுக்குள் குழு இருக்கும், கடைசி ஆள் வரை பிரித்துப் பாருங்கள். லினக்ஸில் குழுவோடு நிற்காமல், யாருக்கு ரூட் அதிகாரம் என்று எழுதி வைக்கும் சூடோயர்ஸ் கோப்பையும் அதன் துணைக் கோப்புறையையும் படியுங்கள். தனி ஒருவருக்குக் கொடுத்த விலக்குகள் அங்கேதான் கிடக்கும்.

பெயரில் நிர்வாகி என்று இல்லாத நிர்வாகிகளும் உண்டு. லினக்ஸில் டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டும் மென்பொருள்) குழுவில் இருப்பவர் நடைமுறையில் ரூட்தான். வட்டு முழுவதையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து எதையும் மாற்ற அவரால் முடியும். விண்டோஸில் பேக்கப் ஆபரேட்டர்ஸ் குழுவினர் அனுமதிகளைத் தாண்டி எந்தக் கோப்பையும் படிக்கலாம். பொறுப்பேற்கும் பட்டியலில் இவர்களையும் சேருங்கள்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை என்ன செய்வது? இரண்டிலும் விடை ஒன்றுதான்: உடனே நீக்காதீர்கள், முதலில் முடக்குங்கள். ஆனால் காரணங்கள் வேறு. விண்டோஸில் நீக்கிய கணக்கின் அடையாள எண் மறுபடி யாருக்கும் வராது. அதே பெயரில் திரும்ப உருவாக்கினாலும் அவர் புது ஆள்தான், பழைய அனுமதிகள் திரும்பாது. லினக்ஸில் நேர்மாறு. கடைசியாகச் சேர்த்த கணக்கை நீக்கிவிட்டு இன்னொருவரைச் சேர்த்தால் அதே எண் அவருக்குப் போய்ச் சேரலாம். போனவர் விட்டுச்சென்ற கோப்புகளுக்கெல்லாம் புதியவர் சொந்தக்காரராகிவிடுவார்.

முடக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் கணக்கை முடக்கினால் புதிய லாகின் எதுவும் நடக்காது. அதே நினைப்பில் லினக்ஸில் பாஸ்டபிள்யூடி கட்டளையால் கடவுச்சொல்லைப் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். பூட்டப்பட்டது கடவுச்சொல் மட்டும். எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருப்பவர் வழக்கம்போல உள்ளே வருவார். கணக்கின் காலாவதித் தேதியைக் கடந்த தேதியாக வைக்க வேண்டும், அனுமதித்த சாவிகள் உள்ள ஆதரைஸ்டு கீஸ் கோப்பையும் அகற்ற வேண்டும்.

4. எந்தச் சேவை ஓடுகிறது, எது ஓட வேண்டும்

இங்கே இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன: இப்போது ஓடுகிறதா? அடுத்த பூட்டில் தானாகத் தொடங்குமா? இரண்டு அமைப்பிலும் இவை தனித்தனியாகக் குறிக்கப்படுபவை. கையால் தொடங்கிவிட்டு, பூட்டில் தொடங்கச் சொல்லாமல் விட்ட சேவை அடுத்த மின்வெட்டு வரை ஒழுங்காக ஓடும். ஆகவே இரண்டு பத்திகள் கொண்ட பட்டியல் எழுதுங்கள். ஒன்றில் "ஆம்", மற்றதில் "இல்லை" என்று வரும் ஒவ்வொரு வரியும் விசாரணைக்குரியது.

புதியவர்கள் மிக அதிகமாக ஏமாறும் சொல் "டிசேபிள்டு". விண்டோஸில் ஒரு சேவையை டிசேபிள்டு ஆக்கினால் அதை யாராலும் தொடங்க முடியாது. வேறொரு சேவை கேட்டாலும் தொடங்காது. சிஸ்டம்டியில் டிசேபிள் செய்வது பூட்டில் தானாகத் தொடங்காது என்பதோடு சரி. கையால் தொடங்கலாம், வேறொரு சேவையும் இழுத்து எழுப்பலாம். விண்டோஸின் "மேனுவல்" நிலைக்கு அருகில் இருப்பது அதுதான். முற்றிலும் தடுக்க வேண்டுமானால் சிஸ்டம்டியில் அதை மாஸ்க் செய்ய வேண்டும். பாதுகாப்புக்காக நிறுத்தியதாக அறிக்கை எழுதிய சேவை மறுநாள் ஓடிக்கொண்டிருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

சார்பு வரிசையிலும் கவனம் வேண்டும். விண்டோஸில் ஒரு சேவை இன்னொன்றைச் சார்ந்தது என்று குறித்தால், தேவை, வரிசை இரண்டும் அதிலேயே அடங்கும். சிஸ்டம்டியில் இவை தனித்தனி. "ஆஃப்டர்" வரிசையை மட்டும் சொல்லும்; "ரிக்வயர்ஸ்" அல்லது "வான்ட்ஸ்" தேவையை மட்டும் சொல்லும். ரிக்வயர்ஸ் மட்டும் எழுதினால் டேட்டாபேஸும் செயலியும் ஒரே நேரத்தில் தொடங்கும், செயலி முந்திக்கொண்டு விழும். ஆஃப்டர் மட்டும் எழுதினால் டேட்டாபேஸை யாரும் எழுப்பவே மாட்டார்கள். இரண்டு வரியும் எழுதுங்கள்.

விழுந்தால் தானாக எழுவது: விண்டோஸில் சேவையின் ரெகவரி பக்கம், சிஸ்டம்டியில் ரீஸ்டார்ட் வரி. விண்டோஸில் இயல்பாக இது புரோசஸ் முறிந்து விழுந்தால்தான் வேலை செய்யும். பிழையோடு தானே ஒழுங்காக நின்றுகொண்ட சேவைக்கும் வேண்டுமென்றால் அதே பக்கத்தில் தனியாக ஒரு பெட்டியைக் குறிக்க வேண்டும். சிஸ்டம்டியில் அந்த வரி இல்லையென்றால் எழாது. இருந்தாலும், இயல்பான அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கி விழுந்தால் அது கைவிட்டுவிடும். அதன்பின் அந்தத் தோல்விக் கணக்கை அழிக்கும் ரீசெட்-ஃபெயில்டு கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக, எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு மனிதரின் சொந்தக் கணக்கில் சேவை ஓடினால் சிவப்பு மையில் குறியுங்கள். அவர் கடவுச்சொல்லை மாற்றும் நாளில் எதுவும் நடக்காது. ஏற்கெனவே ஓடும் சேவை ஓடிக்கொண்டே இருக்கும். பல வாரங்கள் கழித்து சர்வர் ரீபூட் ஆகும்போதுதான் சேவை எழ மறுக்கும். விண்டோஸ் சிஸ்டம் லாகில் 7038, 7000 என்ற நிகழ்வு எண்கள் வரும். அதற்குள் கடவுச்சொல் மாற்றியதை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

5. நேரம் குறித்து வைத்த வேலைகள்

தேட வேண்டிய இடம் ஒன்றல்ல. விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரின் எல்லா உட்கோப்புறைகளும், எஸ்க்யூஎல் சர்வர் இருந்தால் அதன் ஏஜென்ட்டும். லினக்ஸில் ஒவ்வொரு பயனரின் கிரான்டாப் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் கருவியின் பட்டியல்), ஈடிசியில் உள்ள பொது கிரான்டாப், கிரான் டாட் டி, கிரான் டெய்லி கோப்புறைகள், இவற்றோடு சிஸ்டம்டி டைமர்கள். தன் கணக்கின் கிரான்டாபை மட்டும் பார்த்து "எதுவும் இல்லை" என்று எழுதுவது வழக்கமான தவறு.

"கையால் ஓட்டினால் ஓடுகிறது, நேரத்துக்கு ஓடுவதில்லை." இந்தப் புகாருக்கு இரண்டு அமைப்பிலும் காரணங்கள் அப்படியே ஒன்றுதான்: வேலை வேறொரு பயனராக, வேறொரு கோப்புறையிலிருந்து, வேறொரு சூழலில் ஓடுகிறது. டாஸ்க் ஷெட்யூலரில் "ஸ்டார்ட் இன்" பெட்டியைக் காலியாக விட்டால் வேலை சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து தொடங்கும். நீங்கள் இணைத்து வைத்த இசட் டிரைவ் அந்த அமர்வில் இருக்காது. கிரானில் பாத், அதாவது கருவிகளைத் தேடும் கோப்புறைப் பட்டியல், மிகக் குறுகியது. உங்கள் ஷெல்லில் (கட்டளை தட்டும் திரையில்) பெயர் சொன்னதும் ஓடுகிற கருவி அங்கே "இல்லை" என்று வரும். எனவே எங்கும் முழுப் பாதை எழுதுங்கள், டிரைவ் எழுத்துக்குப் பதிலாக நெட்வொர்க் பாதை எழுதுங்கள், வெளியீட்டையும் பிழையையும் ஒரு கோப்பில் விழச் செய்யுங்கள். கடைசியில் சொன்னதைச் செய்யாதவர் காரணத்தை ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கிரானுக்கே உரிய ஒன்று: வரியில் சதவீதக் குறி வந்தால் கிரான் அதைப் புதிய வரியாக எடுத்துக்கொள்ளும். பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்க எழுதும் வரிகளெல்லாம் இதில்தான் உடைகின்றன. குறிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிடுங்கள்.

விண்டோஸில் நோட்பேடில் புதிதாக எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸுக்குக் கொண்டுபோனால் வரும் வேடிக்கை இது: கோப்பு கண்ணெதிரே இருக்கும், லினக்ஸ் "அப்படியொரு கோப்பு இல்லை" என்று சொல்லும். அது தேடுவது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, முதல் வரியில் உள்ள ஷெல்லை. அந்தப் பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் வரி முடிவுக்கு இரண்டு குறியீடுகள் போடும், லினக்ஸ் ஒன்றுதான் போடும். டாஸ்2யூனிக்ஸ் கருவி ஒரே நொடியில் சரிசெய்யும்.

தவறிப்போன வேளைகள்: சர்வர் அணைந்திருந்த நேரத்து வேலையை கிரான் பிறகு ஓட்டாது. சிஸ்டம்டி டைமரில் "பெர்சிஸ்டென்ட்" வரியும், டாஸ்க் ஷெட்யூலரில் தவறிய வேலையை இயன்றவுடன் ஓட்டும் பெட்டியும் இதற்காகவே உள்ளன. டாஸ்க் ஷெட்யூலரில் 3 நாளுக்கு மேல் ஓடும் வேலையை நிறுத்திவிடும் விதி இயல்பாகவே குறிக்கப்பட்டிருக்கும். எப்போதும் ஓட வேண்டியதை டாஸ்க்காக வைத்தவர்கள் நான்காம் நாள் வந்து கேட்பார்கள். அது சேவையாக இருந்திருக்க வேண்டும்.

6. போர்ட்டும் ஃபயர்வாலும்

விண்டோஸில் நெட்ஸ்டாட், லினக்ஸில் எஸ்எஸ். எந்த போர்ட்டில் எந்த புரோசஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற பட்டியலை எடுத்துச் சேமியுங்கள்; 10-ஆம் படியில் இது வேண்டும். முகவரியையும் பாருங்கள். 127.0.0.1-இல் கேட்கும் சேவை வெளியிலிருந்து எட்டாது; ஃபயர்வாலை எவ்வளவு திறந்தாலும் பயனில்லை. 0.0.0.0 என்றிருந்தால் எல்லா நெட்வொர்க் கார்டுகளிலும் கேட்கிறது.

பிங் பதில் தரவில்லை என்பதால் விண்டோஸ் சர்வர் இறந்துவிட்டதாக எழுதாதீர்கள். அதன் ஃபயர்வால் பல நேரங்களில் பிங்கை இயல்பாகவே தடுக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போன்ற, உண்மையில் வேண்டிய போர்ட்டைத் தட்டிப் பாருங்கள்.

விதிகளின் தர்க்கம் இரண்டிலும் வேறு. விண்டோஸில் தடுக்கும் விதி, அனுமதிக்கும் விதியை வெல்லும். எது மேலே எழுதப்பட்டது என்பது பொருட்டல்ல. உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யூஎஃப்டபிள்யூவில் மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் விதியே செல்லும். கீழே ஒரு தடை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால், மேலே உள்ள அனுமதி அதைத் தொடவே விடாது.

மாற்றும் வரிசை: முதலில் உங்கள் நிர்வாக போர்ட்டுக்கு அனுமதி, பிறகுதான் ஃபயர்வாலை இயக்குவது. எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் போர்ட்டைத் திறக்காமல் யூஎஃப்டபிள்யூவை இயக்கியவர்களுக்காகத்தான் முதல் படியில் கன்சோலைச் சொன்னேன். இருக்கும் அமர்வை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிதாக இன்னொரு இணைப்பு கிடைக்கிறதா என்று சோதியுங்கள். பழைய அமர்வு உயிரோடு இருப்பது எதையும் நிரூபிக்காது. விண்டோஸில் கூடுதலாக, விதி எந்த புரொஃபைலுக்கு (நெட்வொர்க் வகைக்கு) உரியது என்று பாருங்கள். டொமைன் புரொஃபைலுக்கு மட்டும் எழுதிய விதி, நெட்வொர்க் "பப்ளிக்" என்று அடையாளமாகும் நாளில் வேலை செய்யாது.

7. கோப்பு அனுமதிகள்

அனுமதி மறுக்கப்பட்டால் புதியவர்கள் செய்வது இரண்டிலும் ஒன்றே: விண்டோஸில் எவ்ரிஒன் குழுவுக்கு முழுக் கட்டுப்பாடு, லினக்ஸில் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777. வேலை நடந்துவிடும், அதனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதைத் தொடும் முன் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

முதலில், ஆளைக் குழுவில் சேர்த்த பிறகு அவர் மறுபடி லாகின் செய்தாரா? குழு உறுப்பினர் பட்டியல் லாகின் நேரத்தில் பதியப்படுகிறது. இரண்டு அமைப்பிலும் இப்படித்தான். சேர்த்துவிட்டேன், இன்னும் வரவில்லை என்ற புகார்களை முதலில் இந்தக் கேள்வியால் சலித்துவிடுங்கள்.

அடுத்து, மேலே உள்ள கோப்புறைகள். விண்டோஸில் இடையிலுள்ள கோப்புறைகளைக் கடக்கும் உரிமை இயல்பாக எல்லோருக்கும் உண்டு. முழுப் பாதை தெரிந்தால், நடுவில் அனுமதி இல்லாவிட்டாலும் கடைசிக் கோப்பைத் திறக்கலாம். லினக்ஸில் ஒவ்வொரு மேல் கோப்புறையிலும் எக்ஸ் (உள்ளே கடக்கும்) அனுமதி வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் பாதை அறுந்துவிடும். நேம்ஐ கட்டளை படிப்படியாகக் காட்டும்.

மூன்றாவது, கோப்பு அங்கே எப்படி வந்தது? ஒரே வட்டுப் பகுதிக்குள் நகர்த்திய கோப்பு தன் பழைய அனுமதிகளோடு வருகிறது. நகலெடுத்த கோப்பு புதிய இடத்துக்கு ஏற்ப அனுமதி பெறுகிறது. நகர்த்துவதில் இரண்டு அமைப்பிலும் இதே விதி; லினக்ஸில் நகலெடுத்த கோப்புக்கு, பொதுவாக நகலெடுத்தவர் சொந்தக்காரராகிறார். ரெட் ஹேட்டில் எஸ்இலினக்ஸும் (கோப்புகளுக்கு முத்திரையிட்டுக் கட்டுப்படுத்தும் கூடுதல் பாதுகாப்பு) இதையே செய்யும்: ஹோம் கோப்புறையிலிருந்து நகர்த்திய பக்கத்தில் பழைய முத்திரை ஒட்டியிருக்கும், அனுமதி எண்கள் சரியாக இருந்தும் இணைய சர்வர் அதைப் படிக்க மறுக்கும். முத்திரையைச் சரிசெய்யும் ரிஸ்டோர்கான் கட்டளையைக் கொடுங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் எங்கும் கிடைக்கும், கேட்காதீர்கள்.

நான்காவது, பகிர்வு அனுமதி. நெட்வொர்க் வழியாக வருபவர் பகிர்வின் அனுமதி, கோப்பின் அனுமதி இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் கடுமையானதே செல்லும். லினக்ஸிலிருந்து விண்டோஸ் முறையில் கோப்புகளைப் பகிரும் சாம்பாவிலும் இப்படியே.

நீக்கும் உரிமையில் மட்டும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. லினக்ஸில் ஒரு கோப்பை நீக்க அந்தக் கோப்பின்மேல் எந்த அனுமதியும் வேண்டியதில்லை. அது இருக்கும் கோப்புறையில் எழுதும் உரிமை இருந்தால் போதும். படிக்க மட்டும் என்று பூட்டி வைத்த அறிக்கையைச் சக ஊழியர் நீக்கிவிட்டார் என்றால், பூட்டை நீங்கள் தவறான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். எல்லோரும் எழுதும் பொதுக் கோப்புறைகளில் ஸ்டிக்கி பிட் (அடுத்தவர் கோப்பை நீக்க விடாத குறி) இதற்காகவே இருக்கிறது.

8. லாக் எங்கே, எவ்வளவு காலம்

விண்டோஸில் ஈவென்ட் வியூவர். லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் கட்டளையும் வார் லாக் கோப்புறையும். விண்டோஸில் சில எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 4624 வெற்றியான லாகின், 4625 தோல்வி, 1074 யார் அல்லது எது ரீபூட் செய்தது, 6008 எதிர்பாராமல் அணைந்தது, 1102 பாதுகாப்பு லாக் அழிக்கப்பட்டது. லினக்ஸில் லாகின் பதிவு டெபியன் வகையில் ஆத் லாக் கோப்பிலும், ரெட் ஹேட் வகையில் செக்யூர் கோப்பிலும் இருக்கும். ஆத் லாக் கோப்பே இல்லாத புதிய டெபியன்களில் ஜர்னலில் தேடுங்கள்.

எவ்வளவு காலம் தங்கும் என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். விண்டோஸின் முதன்மை லாகுகளின் இயல்பு அளவு 20 எம்பி. நிறைந்ததும் பழையது அழியும். பரபரப்பான சர்வரில் பாதுகாப்பு லாக் மிக விரைவில் சுற்றி வந்துவிடும். லினக்ஸில் வார் லாகுக்குள் ஜர்னல் என்ற கோப்புறை இல்லையென்றால், இயல்பான அமைப்பில் ஜர்னல் நினைவகத்தில் மட்டும் இருந்து ரீபூட்டில் மறைந்துவிடும். சர்வர் விழுந்ததன் காரணத்தைத் தேடும் நாளில் அது தெரியவருவது கொடுமை.

9. வட்டு நிறைந்தால்

இங்கே சுருக்கமாக மூன்று. விண்டோஸின் இணைய சர்வரான ஐஐஎஸ் தன் லாகுகளைத் தானாக நீக்காது. இனெட்பப் கோப்புறையை முதலில் பாருங்கள். லினக்ஸில் இடம் மிச்சம் இருந்தும் "இடமில்லை" என்று வந்தால் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடங்கள்) தீர்ந்திருக்கலாம். மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளைக்கு ஐ விருப்பம் சேருங்கள்.

மூன்றாவது, விண்டோஸிலிருந்து வருபவரைக் குழப்புவது. திறந்திருக்கும் கோப்பை விண்டோஸ் பொதுவாக நீக்க விடாது. லினக்ஸ் விடும், பெயரும் மறையும். ஆனால் அதைத் திறந்து வைத்திருக்கும் சேவை மூடும் வரை இடம் திரும்பாது. பெரிய லாகை நீக்கியும் டிஎஃப் அதே எண்ணைக் காட்டும், கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ வேறு எண் காட்டும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் "டெலிட்டட்" என்று தெரியும் வரியைக் கண்டுபிடித்து அந்தச் சேவையை மறுபடி தொடங்குங்கள்.

10. அப்டேட்டும் முதல் ரீபூட்டும்

மேலே சொன்ன அதே இயல்பால்தான் அப்டேட்டிலும் இரண்டும் பிரிகின்றன. பயன்பாட்டில் உள்ள கோப்பை மாற்ற முடியாததால் விண்டோஸ் அந்த வேலையை ரீபூட்டுக்குத் தள்ளி வைக்கிறது. லினக்ஸ் உடனே மாற்றிவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே ஓடும் சேவை பழைய நூலகத்தையே நினைவகத்தில் வைத்திருக்கும். பேக்கேஜ் பட்டியல் புதிய பதிப்பைக் காட்டும், ஓட்டை அப்படியே இருக்கும். நீட்ரீஸ்டார்ட் கருவி எந்தச் சேவைகளை மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லும். கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மாறினால் ரீபூட்தான். 800 நாள் அணையாமல் ஓடுகிறது என்று பெருமைப்படும் சர்வரைக் கண்டால் எனக்குப் பெருமை வருவதில்லை. எத்தனை கெர்னல் திருத்தங்கள் காத்திருக்கின்றன என்றுதான் தோன்றும்.

மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான திருத்தங்கள் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் வருகின்றன. இந்தியாவில் அது பெரும்பாலும் இரவாகிவிடும். லினக்ஸில் அப்படி ஒரே நாள் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போட்டுக்கொள்ளும்படி உபுண்டு சர்வர் இயல்பாக அமைந்திருக்கும். அது இந்த சர்வரில் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

இனி ரீபூட். முந்தைய நிர்வாகி கையால் தொடங்கிவிட்டுப்போன சேவைகள், காலாவதியான கடவுச்சொற்கள், மவுன்ட் பட்டியலில் எழுதாமல் இணைத்த வட்டுகள் எல்லாம் இதில்தான் வெளிப்படும். அதனால் அப்டேட் போடாமலே முதலில் ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். அப்டேட்டோடு சேர்த்துச் செய்தால், ஏதாவது எழாதபோது பழைய குறையா புதிய திருத்தமா என்று பிரிக்க முடியாது.

நேரத்தை அலுவலகத்திடம் முன்கூட்டியே வாங்குங்கள். கன்சோலைத் திறந்து வையுங்கள். 4-ஆம் படியில் எடுத்த சேவைப் பட்டியலையும் 6-ஆம் படியில் எடுத்த போர்ட் பட்டியலையும் புதிதாக ஒருமுறை எடுத்துச் சேமித்துவிட்டு ரீபூட் கொடுங்கள். லாகின் திரை வந்தவுடன் ஒப்பிடாதீர்கள்; விண்டோஸில் "டிலேய்டு ஸ்டார்ட்" சேவைகள் சில நிமிடம் கழித்தே எழும். பிறகு இரண்டு பட்டியல்களையும் மறுபடி எடுத்து, பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விடுபட்ட ஒவ்வொரு வரியையும் பூட்டில் தானாக எழும்படி திருத்தி, இரண்டாம் முறை ரீபூட் செய்து, வித்தியாசம் ஏதும் இல்லாதபோது அப்டேட்டைத் தொடங்குங்கள்.